ஆளில்லாக் காடும் அழியாத ஒப்பந்தமும்

 

காலையில் குசினிக்குள் நுழைந்து ஆணத்தை அடுப்பில் ஏற்றியதும் உங்கள் கை தானாகவே தேடிப்போவது உப்புப் போத்தலைத்தான். ஒரு சிட்டிகை கூடினாலும் குற்றம், குறைந்தாலும் குற்றம். ஆனால் அந்த உப்பு எங்கிருந்து வந்தது, அதற்காக எது செலவானது என்று நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. நமது நாட்டில் அப்படி எண்ணவேண்டிய தேவையும் அதிகம் இல்லை. புத்தளத்திலும் அம்பாந்தோட்டையிலும் கடல்நீரைப் பாத்திகளில் தேக்கிவைத்தால் போதும். மீதி வேலையை அல்லாஹ்வின் வெயில் பார்த்துக்கொள்கிறது. விறகும் வேண்டாம், நெருப்பும் வேண்டாம்.

கடல் எட்டாத, வருடத்தில் பாதி நாள் பனி மூடிக்கிடக்கிற ஒரு மலைநாட்டில் உப்பு எப்படிக் கிடைக்கும்? இந்தக் கேள்வியைப் பின்தொடர்ந்து சென்றால் அது நம்மை மனிதர் எவரும் குடியிருக்காத ஒரு காட்டில் கொண்டுபோய் நிறுத்துகிறது. அந்தக் காட்டிலிருந்து நம் வீட்டு முற்றத்துக்கு எடுத்துவரவேண்டிய ஒரு பாடமும் இருக்கிறது. இம்மாதம் அதைப் பார்ப்போம், இன்ஷா அல்லாஹ்.

மலைக்குள் ஒரு கடல்

ஐரோப்பாவின் நடுவே அல்ப்ஸ் மலைத்தொடர் கிடக்கிறது. அதன் வடக்கு விளிம்பில் ஜேர்மனியின் பவேரியா மாநிலமும் ஒஸ்திரியாவின் சால்ஸ்பர்க் மாநிலமும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கின்றன. சால்ஸ்பர்க் என்ற பெயருக்கே 'உப்புக் கோட்டை' என்றுதான் பொருள். ஏறத்தாழ 25 கோடி ஆண்டுகளுக்கு முன் இப்பகுதியில் கடல் இருந்தது. அது வற்றி, அதன் உப்பு மண்ணோடும் களியோடும் கலந்து படிந்தது. பின்னர் பூமி மடிந்து உயர்ந்தபோது அந்த உப்பும் மலைகளின் வயிற்றுக்குள் அடைபட்டுப்போனது. அடுப்படியில் நாம் அள்ளும் ஒரு பொருளை இத்தனை காலத்துக்கு முன்பே மலைக்குள் வைத்துப் பூட்டிய ரப்புல் ஆலமீனின் ஏற்பாட்டை என்னவென்று சொல்வது!

பவேரியப் பக்கத்தில் ரைகன்ஹால் என்றொரு ஊர். அங்கே உப்புநீர் ஊற்றாகவே வெளிவருகிறது. அதற்குத் தெற்கே பேர்க்டெஸ்காடன். அங்கே 1517-ஆம் ஆண்டில் தொடங்கிய உப்புச் சுரங்கம் இன்றும் இயங்குகிறது. எல்லைக்கு அப்பால், ஒஸ்திரியாவின் ஹாலைன் நகருக்கு மேலே டியூர்ன்பேர்க் என்ற மலை. அதைக் கிறிஸ்து பிறப்பதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே கெல்ட்டிய மக்கள் குடைந்து உப்பெடுத்தார்கள். பிற்காலச் சுரங்கங்களில், மலைக்குள் அறைகள் வெட்டி, அவற்றில் நல்ல தண்ணீரை நிரப்பி, உப்பு கரைந்த பின் அந்த நீரை வெளியே எடுக்கும் முறை வந்தது.

ஊற்றானாலும் சுரங்கமானாலும் கைக்கு வருவது உப்புநீர்தான். ஒரு லீற்றர் தண்ணீரில் உப்பு எவ்வளவு கரையமுடியுமோ அவ்வளவு கரைந்தாலும் 300 கிராமுக்குச் சற்று மேல்தான் இருக்கும். மீதித் தண்ணீர் முழுவதையும் ஆவியாக்கியாக வேண்டும். அங்கே வெயிலை நம்பமுடியாது. ஆகவே பிரமாண்டமான இரும்புத் தட்டங்களில் உப்புநீரை ஊற்றி, கீழே நெருப்பு மூட்டி, இரவு பகலாகக் காய்ச்சினார்கள். ஒரு பானைத் தண்ணீர் வற்றும்வரை அடுப்பெரிக்க எத்தனை விறகு போகும் என்பதை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அந்த அடுப்புகள் நூற்றாண்டுக் கணக்கில் எரிந்தன. அவற்றுக்கு இரையானது சுற்றியிருந்த மலைக்காடு.

யாரும் குடியிருக்காத இடம்

இங்கேதான் அந்த ஆளில்லாக் காடு வருகிறது. பவேரியாவின் வரைபடத்தைப் பார்த்தால் ஊர்களுக்கும் நகரசபைகளுக்கும் இடையே, எந்த ஊராட்சிக்கும் சேராத தனித்த துண்டுகள் தெரியும். அப்படிப்பட்டவை அம்மாநிலத்தில் நூற்றுக்கும் மேல் உண்டு. பெரும்பாலானவை அரச காடுகள், சில ஏரிகள். அங்கே வாக்காளர் இல்லை, சபை இல்லை, தலைவர் இல்லை, தபால் விலாசம் இல்லை. 19-ஆம் நூற்றாண்டில் ஊர்களுக்கு எல்லை வகுத்தபோது, அரசுக்குச் சொந்தமான பெருங்காடுகளில் குடிமக்களே இல்லாததால் அவற்றை எந்த ஊரோடும் சேர்க்காமல் விட்டார்கள்.

பேர்க்டெஸ்காடன் மாவட்டத்திலுள்ள ஷெலன்பேர்க் வனம் இவ்வகையானது. இரு நாட்டு எல்லையில், ஏறத்தாழ 1,970 மீற்றர் உயரத்துக்கு எழுந்து நிற்கும் உன்டர்ஸ்பேர்க் என்ற சுண்ணாம்புக்கல் மலையின் சரிவில் அது கிடக்கிறது. மலையடிவாரத்தில் ஷெலன்பேர்க் என்ற சிற்றூர். அங்கும் ஒரு உப்புக் காய்ச்சும் ஆலை பல நூற்றாண்டுகள் இயங்கி, 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மூடப்பட்டது. காட்டுக்கு அந்த ஊரின் பெயர் ஒட்டிக்கொண்டது.

சுண்ணாம்புக்கல் மலை மழையையும் பனியையும் உறிஞ்சிக்கொள்ளும். உன்டர்ஸ்பேர்க்கின் வயிற்றில் பனிக்கட்டி நிறைந்த குகையொன்றும் இருக்கிறது. உறிஞ்சிய நீரை மலை தன் அடியில் ஊற்றாக விடுகிறது. சால்ஸ்பர்க் நகரத்து மக்கள் குடிக்கும் நீரில் ஒரு நல்ல பகுதி இம்மலையடியிலிருந்தே போகிறது. மேலே சரிவில் நிற்கும் மரங்களோ பனிச்சரிவையும் உருண்டு விழும் பாறையையும் தடுத்து, கீழேயுள்ள வீடுகளைக் காக்கின்றன. அங்கே மனிதன் குடியிருக்கவில்லை என்பதற்காக அந்த இடம் யாருக்கும் பயனற்றது என்று சொல்லமுடியுமா? ஊரிலே நிம்மதியாகத் தூங்குகிறவர்களுக்காக அந்தக் காடு விழித்திருக்கிறது என்றே சொல்லவேண்டும்.

விறகு வந்த வழி

ஆளில்லாக் காடு என்றாலும் கோடரிச் சத்தம் இல்லாத காடல்ல. மரம் வெட்டும் தொழிலாளர்கள் வீட்டை விட்டுப் போய், காட்டுக்குள் குடிசை போட்டு, நாட்கணக்கில் தங்கி வேலை செய்தார்கள். வெட்டிய மரத்தைப் பனிக்காலத்தில் சறுக்குவண்டியில் இறக்கி ஓடைக்கரையில் அடுக்கினார்கள். ஓடைக்குக் குறுக்கே மரத்தாலும் கல்லாலும் அணை கட்டி, வசந்தத்தில் பனி உருகிய நீரைத் தேக்கிவைத்தார்கள். போதிய நீர் சேர்ந்ததும் அணையின் கதவைத் திறந்துவிட, ஒரே வீச்சில் பாயும் வெள்ளம் அத்தனை மரத்தையும் உருட்டிக்கொண்டு பள்ளத்தாக்குக்குப் போகும். ஸாலாஹ் என்ற ஆறு ஒஸ்திரிய மலைகளில் பிறந்து லோபர், உன்கென் என்ற ஊர்களைத் தாண்டி ரைகன்ஹாலுக்கு வருகிறது. அதன் வழியே மிதந்துவந்த மரங்களை ரைகன்ஹாலில் தடுப்பு வேலி போட்டுப் பிடித்தார்கள். இம்முறை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம்வரை நீடித்தது.

இதிலே ஒரு விளைவை அன்று எவரும் பெரிதாக எண்ணவில்லை. ஊசியிலை மரம் இலேசானது, நன்றாக மிதக்கும். பீச் மரம் கனமானது, மூழ்கிவிடும். ஆகவே ஆலைக்காரர்கள் ஊசியிலை மரத்தையே விரும்பினார்கள்; அதையே வளரவிட்டார்கள். பல மரங்கள் கலந்து நின்ற காடு மெல்ல மெல்ல ஒரே மரத்தின் காடாக மாறியது. ஒரே இனக் காட்டைப் புயலும் பட்டைப் புழுவும் எளிதில் வீழ்த்தும். அன்றைய வசதியின் விலையை இன்றைய வனக்காரர்கள் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். பேர்க்டெஸ்காடனில் 1978-இல் தேசிய வனமொன்று அமைக்கப்பட்டது. அங்கே பீச் மரமும் மற்றவையும் மீண்டும் கலந்து வளர வழி செய்கிறார்கள்.

சண்டையும் சாமர்த்தியமும்

உப்பு என்றால் அன்று பணம். பணம் இருக்குமிடத்தில் சண்டையும் வரும். 1611-இல் சால்ஸ்பர்க்கை ஆண்ட பேராயர் வொல்ப் டீட்ரிக் படை அனுப்பிப் பேர்க்டெஸ்காடனைப் பிடித்தார். பவேரியாவின் கோமகன் மக்ஸிமிலியன் பதிலுக்குப் படையெடுத்து சால்ஸ்பர்க்கையே கைப்பற்றினார். பேராயர் சொந்தக் கோட்டையிலேயே சிறை வைக்கப்பட்டு 1617-இல் அங்கேயே இறந்தார். உணவில் ஒரு சிட்டிகை போடும் பொருளுக்காக ஒரு ஆட்சியே கவிழ்ந்தது.

அதே 1617-ஆம் ஆண்டில் பவேரியாவில் ஒரு வியத்தகு வேலை தொடங்கியது. ரைகன்ஹாலில் உப்புநீர் தாராளமாக இருந்தது. சுற்றுக்காட்டின் விறகோ அதற்குப் போதவில்லை. விறகை உப்புநீரிடம் கொண்டுவருவதற்குப் பதிலாக உப்புநீரை விறகு உள்ள இடத்துக்குக் கொண்டுபோனால் என்ன என்று யோசித்தார்கள். ஹான்ஸ் ரைபன்ஷ்டூல் என்பவரும் அவருடைய மகன் சீமோனும் ரைகன்ஹாலிலிருந்து ட்ரவுன்ஷ்டைன் வரை 31 கிலோமீற்றருக்குக் குழாய் போட்டார்கள். இரும்புக் குழாயல்ல, நடுவே துளையிட்ட மரத்தண்டுகள், ஏறத்தாழ 9,000. மேடான இடங்களில் நீர்ச்சக்கரத்தால் இயங்கும் ஏழு இறைப்பு நிலையங்கள் உப்புநீரைத் தூக்கிக் கொடுத்தன. 1619-இல் வேலை முடிந்தது. உலகின் மிகப் பழைய நீண்டதூரக் குழாய்வழிகளுள் ஒன்றாக இதைக் கணிக்கிறார்கள். 1810-இல் இக்குழாய் ரோஸன்ஹைம் நகர்வரை நீட்டப்பட்டது. ரோஸன்ஹைம் ஆலை 1958 வரை இயங்கியது.

பஞ்சம் வந்தபின்தான் சிக்கனம் நினைவுக்கு வருகிறது. ரைகன்ஹால் உப்பாலையின் ஓர் உயரதிகாரி 1661-இல் எழுதிவைத்த கருத்து இன்றும் பேசப்படுகிறது. இறைவன் காட்டைப் படைத்தது உப்பூற்றுக்காகவே. ஊற்று எப்படி ஓயாமல் வருகிறதோ அப்படியே காடும் என்றென்றும் தொடரவேண்டும். முதிர்ந்த மரம் தீர்ந்து போகுமுன் இளமரம் வளர்ந்திருக்கும்படி மனிதன் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது அதன் சாரம். இதை அவர்கள் 'நித்தியக் காடு' என்று அழைத்தார்கள். காடு உப்புக்காகவே படைக்கப்பட்டது என்ற அவருடைய எண்ணத்தை நாம் ஏற்கவேண்டியதில்லை. ஆனால் தனக்குப் பின் வருகிறவனுக்கும் அடுப்பு எரியவேண்டும் என்று கவலைப்பட்டாரே, அந்தக் கவலை நல்ல கவலை.

எல்லை மாறியது, தேவை மாறவில்லை

நெப்போலியன் காலத்துப் போர்கள் இந்தப் பகுதியைப் பலர் கையில் மாற்றி மாற்றிப் போட்டன. 1810-இல் சால்ஸ்பர்க்கும் பேர்க்டெஸ்காடனும் பவேரியாவின் கீழ் வந்தன. 1816-இல் செய்யப்பட்ட ஒப்பந்தப்படி சால்ஸ்பர்க் ஒஸ்திரியாவுக்குப் போனது. பேர்க்டெஸ்காடன் பவேரியாவோடு தங்கிவிட்டது. காகிதத்தில் கோடு போடுவது சுலபம். அந்தக் கோட்டால் நிலத்தில் ஏற்பட்ட சிக்கலைக் கேளுங்கள்.

ரைகன்ஹாலின் உப்பாலை பவேரியாவில். அதற்கு மத்திய காலம் முதலே விறகு கொடுத்துவந்த ஸாலாஹ் ஆற்றுக் காடுகளோ இப்போது ஒஸ்திரிய மண்ணில். மறுபுறம், டியூர்ன்பேர்க் சுரங்கத்தின் வாசல் ஒஸ்திரியாவில். அதன் உப்பு நரம்போ நிலத்துக்கடியில் பவேரியாவுக்குள் ஓடுகிறது. ஒருவனிடம் அடுப்பு, மற்றவனிடம் விறகு. ஒருவனிடம் சுரங்கவாசல், மற்றவனிடம் உப்பு. இரண்டு பேரும் முறுக்கிக்கொண்டு நின்றால் இரண்டு பேருக்கும் நட்டம்.

அவர்கள் முறுக்கிக்கொள்ளவில்லை. 1829-ஆம் ஆண்டு மார்ச் 18-ஆம் திகதி உப்பாலை ஒப்பந்தத்தை எழுதினார்கள். ஒஸ்திரிய மண்ணிலுள்ள ஸாலாஹ் காடுகள் பவேரிய அரசின் சொத்தாக இருக்கும். ஒஸ்திரியச் சுரங்கத் தொழிலாளர் பவேரிய எல்லைக்கு அடியில் சென்று உப்பெடுக்கலாம் என்பது அதன் முக்கிய உள்ளடக்கம்.

அதன்பின் என்னவெல்லாம் நடந்தது என்று எண்ணிப் பாருங்கள். 1871-இல் பவேரியா ஜேர்மன் பேரரசில் சேர்ந்தது. 1918-இல் பவேரிய மன்னரும் போனார், ஒஸ்திரியப் பேரரசரும் போனார். 1938-இல் ஹிட்லரின் ஜேர்மனி ஒஸ்திரியாவையே விழுங்கியது. 1945-இல் அந்த ஜேர்மனியும் வீழ்ந்து, இரண்டு நாடுகளையும் அந்நியப் படைகள் ஆண்டன. ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட அரசுகளில் ஒன்றுகூட அன்றிருந்தபடி இன்று இல்லை. ஆயினும் 1957-இல் இரு தரப்பும் மீண்டும் அமர்ந்து, காலத்துக்கேற்ற திருத்தங்களோடு அந்தப் பழைய எழுத்தை உறுதிப்படுத்தின. ஐரோப்பாவில் இன்றும் நடைமுறையிலுள்ள மிகப் பழைய அரச உடன்படிக்கைகளுள் ஒன்றாக அது பேசப்படுகிறது.

அதனால் இன்றும் ஒஸ்திரியாவுக்குள் ஏறத்தாழ 18,000 ஹெக்டேயர் மலையும் காடும் பவேரிய அரசின் உடைமையாக இருக்கிறது. அதைப் பராமரிக்கும் பவேரிய வன அலுவலகம் ஒஸ்திரியாவின் லோபர் அருகேயுள்ள சென் மார்ட்டின் என்ற ஊரில் இயங்குகிறது. அவ்வட்டாரத்து ஒஸ்திரிய விவசாயிகளுக்கும் அக்காட்டில் மாடு மேய்க்கவும் மரம் எடுக்கவும் பரம்பரை உரிமைகள் உண்டு; அவை இன்னார் வீட்டுக்கு இவ்வளவு என்று எழுத்தில் உள்ளவை. டியூர்ன்பேர்க்கில் உப்பெடுப்பது 1989-இல் நின்றுவிட்டது. சுரங்கத்தைப் பார்க்கச் செல்வோர் இன்று நிலத்துக்கடியிலேயே ஒரு நாட்டிலிருந்து மறு நாட்டுக்கு நடந்து திரும்புகிறார்கள். ரைகன்ஹாலில் உப்பு இன்றும் உண்டு. ஆனால் அதற்கு விறகு எரிப்பதில்லை. எந்தத் தேவைக்காக வாக்குக் கொடுத்தார்களோ அந்தத் தேவை தீர்ந்துவிட்டது. வாக்கு மட்டும் நிற்கிறது.

நமது கிதாபுகளில் ஓர் உப்பு

உப்புக்கும் உரிமைக்கும் உள்ள தொடர்பு நமது மார்க்கத்துக்குப் புதியதல்ல. யெமன் நாட்டின் மஃரிப் பகுதியிலிருந்து அப்யழ் இப்னு ஹம்மால் (ரழி) என்ற ஸஹாபி நபி (ஸல்) அவர்களிடம் வந்து, அங்குள்ள உப்பு நிலத்தைத் தமக்குத் தருமாறு கேட்டார்கள். நபியவர்களும் கொடுத்தார்கள். அவர் திரும்பிச் சென்றபோது சபையிலிருந்த ஒருவர், வற்றாத நீரூற்றைப் போன்ற ஒன்றையல்லவா அவருக்குக் கொடுத்துவிட்டீர்கள் என்று எடுத்துச் சொன்னார். உடனே நபியவர்கள் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். அபூதாவூதிலும் திர்மிதியிலும் இச்செய்தி பதிவாகியிருக்கிறது. எல்லோரும் எளிதில் எடுத்துப் பயன்பெறக்கூடிய இயற்கைச் செல்வத்தை ஒரு தனிமனிதனுக்கு உரிமையாக்கக் கூடாது என்று நமது பிக்ஹ் அறிஞர்கள் இதிலிருந்து சட்டம் எடுத்தார்கள்.

வாக்குறுதியைப் பற்றியும் நமக்குத் தெரியாததில்லை. ஸூரா அல்மாயிதாவின் தொடக்கமே ஒப்பந்தங்களை நிறைவேற்றுமாறு ஈமான் கொண்டோரைப் பணிக்கிறது. வாக்குறுதி பற்றி மறுமையில் விசாரிக்கப்படும் என்று ஸூரா பனீ இஸ்ராயீல் எச்சரிக்கிறது. ஹிஜ்ரி 6-இல் ஹுதைபிய்யா உடன்படிக்கை எழுதப்பட்டுக்கொண்டிருக்கும்போதே, அபூஜந்தல் (ரழி) அவர்கள் கால் விலங்குகளோடு தப்பி வந்து முஸ்லிம்களிடம் அடைக்கலம் தேடினார்கள். ஸஹாபாக்களின் நெஞ்சம் துடித்தது. ஆனாலும் நபி (ஸல்) அவர்கள் பொறுமையை உபதேசித்து, உடன்படிக்கைப்படி அவரைத் திருப்பி அனுப்பினார்கள். வாக்கைக் காப்பது எவ்வளவு பாரமானது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

பவேரியாவும் ஒஸ்திரியாவும் தக்வாவினால் அப்படி நடந்தார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. அவரவர் இலாபம் அவரவர் கண்ணுக்குத் தெரிந்தது. ஆனால் இலாபத்துக்காகச் செய்த ஒப்பந்தத்தை அவர்கள் இரு நூற்றாண்டு அளவுக்குக் காத்து நிற்க, அல்லாஹ்வுக்கு அஞ்சி நடக்கிறோம் என்று சொல்லும் நாம் ஒரு தலைமுறையாவது காக்கிறோமா?

என் தவறு ஒன்று

இதை எழுதும்போது என் மனதை அறுக்கும் ஒரு சம்பவத்தைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மத்ரஸாவிலிருந்து பட்டம் பெற்று வந்த புதிது. எங்கள் பக்கத்து ஊரில் இரண்டு சகோதரர்கள் வாப்பா விட்டுச்சென்ற வளவைப் பங்கிட்டுக்கொண்டார்கள். பேச்சுவார்த்தைக்கு என்னையும் அழைத்திருந்தார்கள். வளவுக்கு ஒரே கிணறு. அது மூத்தவரின் பங்கில் விழுந்தது. இளையவர் குடும்பம் எப்போதும்போல வந்து தண்ணீர் அள்ளலாம், வழியும் விடலாம் என்று மூத்தவர் மனமுவந்து சொன்னார். எல்லோரும் மகிழ்ந்தோம்.

அப்போது திரைக்குப் பின்னாலிருந்து இளையவரின் மனைவி, "மௌலவி, கிணத்தையும் வழியையும் ஒரு கடுதாசியில எழுதிக்கிட்டா நல்லமில்லையா?" என்று கேட்டார். நான் சிரித்துக்கொண்டே, "ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளுக்குள் எழுத்து எதற்கு ராத்தா?" என்று சொல்லிவிட்டேன். சபையும் அதை ஆமோதித்தது.

மூத்தவர் காலமானார். அல்லாஹ் அவரைப் பொருந்திக்கொள்வானாக. அவருடைய பிள்ளைகள் பணமுடையில் தங்கள் பங்கை வெளியாருக்கு விற்றார்கள். உறுதியில் கிணற்றைப் பற்றியும் இல்லை, வழியைப் பற்றியும் இல்லை. வாங்கியவர் மதில் கட்டினார். அவர் மீது குற்றம் சொல்ல முடியாது. அவர் அறியாத ஒரு வாக்கை அவர் எப்படிக் காப்பார்? அந்த ராத்தா குடத்தைத் தூக்கிக்கொண்டு தெருவைச் சுற்றித் தண்ணீருக்கு நடந்தார். இரண்டு குடும்பமும் ஒரு பெருநாளைக்குக்கூட ஸலாம் சொல்லிக்கொள்ளாத நிலைக்கு வந்தது. வழியில் என்னைக் கண்டபோது அவர் கோபப்படவில்லை. "அன்னைக்கு ஒரு கடுதாசி எழுதியிருக்கலாம் மௌலவி" என்று மட்டும் சொன்னார். கோபப்பட்டிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளுமாறு ஸூரா அல்பகராவின் 282-ஆம் வசனம் கட்டளையிடுகிறது. சிறிதோ பெரிதோ, எழுதச் சடைய வேண்டாம் என்றும் அது சொல்கிறது. குர்ஆனிலேயே மிக நீளமான வசனம் அதுதான். அதை வகுப்பில் வரி வரியாக ஓதிக்கொடுக்கிற நானே, ஒரு பெண் அதையே எளிய மொழியில் கேட்டபோது சிரித்துவிட்டேன். எழுதுவது சந்தேகத்தின் அடையாளம் என்று நினைத்தேன். உண்மையில் அது இன்னும் பிறக்காதவர்களுக்கு நாம் செய்யும் உபகாரம். 1829-இல் எழுதியவர்களின் பேரப்பிள்ளைகளும் இன்று உயிரோடில்லை. எழுத்து இருந்ததால் அந்தக் காட்டுக்குச் சண்டை வரவில்லை.

சகோதரிகளுக்கு ஒரு வேண்டுகோள்

சகோதரிகளே! உங்கள் மஹர் நிலுவையில் இருக்கிறதா? ஒரு நகையை இரவலாகக் கொடுத்திருக்கிறீர்களா, வாங்கியிருக்கிறீர்களா? சீட்டுப் பணம் பிடித்துவைத்திருக்கிறீர்களா? வாப்பாவின் காணியில் பங்கு, பொதுக் கிணறு, பொது வழி, பக்கத்து வளவில் காய்க்கும் உங்கள் தென்னை என்று வாய்வார்த்தையில் நிற்கிற விடயங்கள் ஏதும் உண்டா? எல்லோரும் சந்தோஷமாக இருக்கும் இந்த நாளிலேயே அவற்றை எழுதிவையுங்கள். இரண்டு சாட்சிகளை வையுங்கள். காணி விடயமென்றால் நொத்தாரிசிடம் போய் உறுதியிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள். "எங்களை நம்பவில்லையா?" என்று யாராவது கேட்டால், நம்புவதால்தான் எழுதுகிறோம், இந்த நம்பிக்கை நமக்குப் பின்னும் வாழவேண்டும் என்று பதில் சொல்லுங்கள். பெண்கள் இப்படிக் கேட்கும்போது சிரிக்க வேண்டாம் என்று ஆண்களுக்கும், குறிப்பாக என் போன்ற மௌலவிமாருக்கும், சொல்லிவையுங்கள்.

நாளைக் காலை உப்புப் போத்தலைத் திறக்கும்போது, வெகு தூரத்தில் மனித வாடையே இல்லாமல் பனி மூடி நிற்கிற அந்தக் காடு ஒரு கணம் உங்கள் நினைவுக்கு வரட்டும். உங்கள் வீட்டில் எழுதாமல் கிடக்கும் வாக்கு எது என்பதும் கூடவே நினைவுக்கு வரட்டும்.

அமானிதங்களைப் பேணி, கொடுத்த வாக்கைக் காப்பவர்களாக அல்லாஹ் நம் அனைவரையும் ஆக்கியருள்வானாக. ஆமீன்.